கார் டயர் மாற்றும் முன்: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கேட்கப்படும் ‘பச்சை டயர்’ கேள்விகள்

ஓசூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள், சேலத்துக்கும் பெங்களூருக்கும் அடிக்கடி ஓடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒகேனக்கல் வரை வண்டியை எடுக்கிறவர்கள் என்று நம் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடைக்காரர் சொல்லாத சிலதும் இதில் இருக்கும்.

சுற்றுச்சூழலுக்கு உகந்த டயர் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? எல்லாம் கறுப்பு ரப்பர்தானே?

கெடுதலே செய்யாத டயர் என்று எதுவும் இல்லை. குறைவாகக் கெடுதல் செய்யும் டயர் இருக்கிறது. ஒரு டயரால் வரும் கெடுதல் மூன்று இடத்தில் நடக்கிறது. உருளும்போது அது தின்னும் பெட்ரோல் ஒன்று, தேயும்போது கிளம்பும் தூசி இன்னொன்று, ஆயுள் முடிந்த பிறகு அது போய்ச் சேரும் இடம் மூன்றாவது. டயரைத் தயாரிப்பதிலும் ஆற்றல் செலவாகிறதுதான், ஆனால் அதன் ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டால் பெரும்பங்கு புகை அது காரில் ஓடும் காலத்தில்தான் வருகிறது. அதனால் பெட்டியில் பச்சை இலை படம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அது எவ்வளவு லேசாக உருள்கிறது, எவ்வளவு நாள் உழைக்கிறது என்று பார்ப்பதுதான் வேலைக்கு ஆகும்.

டயர் எப்படிப் பெட்ரோல் தின்னும்? எஞ்சின்தானே தின்கிறது?

டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, அடுத்த நொடியே பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சூடாகும் இல்லையா, அதேதான் இங்கேயும் நடக்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுசாகத் திரும்பி வராமல் ஒரு பகுதி சூடாகக் காற்றில் போய்விடுகிறது. இதைத்தான் உருளும் தடை என்கிறார்கள். சாதாரணக் காரில் போடும் எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தடையைச் சமாளிக்கவே செலவாகிறது என்பது பொதுவான கணக்கு.

இதைக் குறைக்க வழி 1990-களில் கிடைத்தது. ரப்பரோடு சேர்க்கும் கரித்தூளில் ஒரு பங்கை எடுத்துவிட்டு சிலிகா சேர்த்தார்கள். மிச்லின் நிறுவனம் 1992-இல் இப்படி ஒரு டயரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன்னால் மைலேஜ் வேண்டும் என்றால் ஈரத்தில் பிடிப்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சிலிகா வந்த பிறகு இரண்டையும் ஓரளவு சேர்த்தே பெற முடிகிறது.

சரி, எனக்கு எவ்வளவு மிச்சமாகும்?

இதை வாய்வார்த்தையாக விடக்கூடாது, கணக்கே போட்டுவிடலாம். உருளும் தடை பத்து சதவீதம் குறைந்தால் எரிபொருள் ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறையும். நீங்கள் கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்குத் தினமும் போய் வருகிறவர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 100 கிலோமீட்டர் சுமார், வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் வந்துவிடும். லிட்டருக்கு 18 கொடுக்கும் வண்டி என்றால் ஏறக்குறைய 1,670 லிட்டர் பெட்ரோல். உருளும் தடை 20 சதவீதம் குறைவான டயர் போட்டு மூன்று சதவீதம் மிச்சம் பிடித்தால் 50 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 5,000 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும், ஆக 115 கிலோ குறைகிறது. டயர் இரண்டு மூன்று வருடம் ஓடினால், கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பி வந்துவிடும்.

அதே டயரை வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற ஒருவர் போட்டால் மிச்சம் 13 லிட்டர்தான். அவருக்கு என் யோசனை வேறு: இப்போது இருக்கும் டயர் நன்றாக இருந்தால் அதையே தேயும் வரை ஓட்டுங்கள். பாதி ஆயுள் மிச்சம் இருக்கிற நாலு டயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் ‘பச்சை’ டயர் வாங்குவதில் எந்தப் பச்சையும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் பிடிக்காது. நாற்கரச் சாலையில் 110-இல் போகிறவர் 85-க்கு இறங்கினாலே எந்த டயரும் கொடுக்க முடியாத மிச்சம் கிடைக்கும். அந்த வேகத்தில் டயரைவிடக் காற்றுத்தான் வண்டியை அதிகம் பிடித்து இழுக்கிறது.

புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. இந்தப் புலம்பலை டயர் மாற்றிய எல்லோரிடமும் கேட்கலாம். தேய்ந்த டயரில் ரப்பர் குறைவு, நசுங்கி நிமிரும் பகுதியும் குறைவு, அதனால் அது புது டயரைவிட லேசாகவே உருளும். மொட்டையாகும் நிலையில் இருந்ததை மாற்றிவிட்டு முழு ட்ரெட் (தரையைத் தொடும் பள்ளமும் மேடுமான ரப்பர்) இருக்கும் டயரைப் போட்டால், அது எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும், முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு மைலேஜ் சற்று இறங்கியே தெரியும். அப்புறம், புது டயரின் சுற்றளவு தேய்ந்ததைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரே தூரத்துக்குச் சக்கரம் குறைவாகச் சுற்றுவதால் மீட்டரில் கிலோமீட்டரும் குறைவாக ஏறும், அதனால் மைலேஜ் இன்னும் குறைந்த மாதிரி தோன்றும்.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. கம்பெனியில் இருந்து வண்டியோடு வருகிற டயரை, மைலேஜ் கணக்குக்காகவே லேசாக உருளும்படி தனியாகச் செய்து வாங்குவது கார் நிறுவனங்களின் வழக்கம். வெளியில் அதே பிராண்டில், அதே சைஸில் வாங்கினாலும் உள்ளே கலவை வேறாக இருக்கலாம்.

எதைப் பார்த்து வாங்குவது? லேபிள் ஏதாவது உண்டா?

மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது ஐஎஸ்ஐ முத்திரை, கார் டயருக்கு ஐஎஸ் 15633 என்ற தர எண். இது இல்லாததைத் தொடவே வேண்டாம். ஆனால் இது தரத்துக்கான அடிப்படை மட்டும்தான், மைலேஜ் பற்றி எதுவும் சொல்லாது.

இரண்டாவது, ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஒட்டியிருக்கும் அதே நட்சத்திர லேபிள். அதே எரிசக்தித் திறன் அமைப்பு டயருக்கும் கொடுக்கிறது. உருளும் தடை குறையக் குறைய நட்சத்திரம் கூடும். எல்லா டயரிலும் இதைப் பார்க்க முடியாது, கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் சிலர் விழிப்பார்கள், பரவாயில்லை, நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

மூன்றாவது ஐரோப்பிய லேபிள். 2021 மே மாதம் முதல் அங்கே புது லேபிள் நடைமுறையில் இருக்கிறது: எரிபொருளுக்கு ஏ முதல் இ வரை ஒரு வகுப்பு, ஈரப் பிடிப்புக்கு அதேபோல ஒரு வகுப்பு, சத்தத்துக்கு டெசிபல் கணக்கு. இறக்குமதி டயர் சிலவற்றில் இது ஒட்டியே வரும். ஒரு எச்சரிக்கை: ஒரே பெயருள்ள டயரில் சைஸுக்கு சைஸ் வகுப்பு மாறும், ஐரோப்பாவில் விற்பதும் இங்கே விற்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அங்கே 17 இஞ்சில் ஏ வாங்கிய டயர், உங்கள் 14 இஞ்சிலும் ஏ என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் அரசும் 2022-இல் ஒரு விதி கொண்டு வந்தது. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, உருளும் சத்தம் மூன்றுக்கும் வரம்பு வைத்து, புது வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபரில் இருந்தும், ஏற்கெனவே சந்தையில் இருந்தவற்றுக்கு அடுத்த ஆண்டில் இருந்தும் அமலுக்கு வந்தது. ஆக இந்த விதிக்கு முந்தைய தேதி போட்ட பழைய ஸ்டாக்கை யாராவது மலிவாகத் தள்ளப் பார்த்தால், வயசு மட்டுமே பிரச்சினை இல்லை.

மைலேஜ் டயர் மழையில் வழுக்கும் என்கிறார்களே?

இந்தப் பயம் நியாயமானது, குறிப்பாகத் தொப்பூர் கணவாயில் இறங்குகிறவர்களுக்கு. தருமபுரியில் இருந்து சேலம் போகும்போது அந்த நீளமான இறக்கத்தில் பிரேக் சூடேறிய லாரிகளின் நடுவே, தூறல் விழுந்த சாலையில் நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த முடிய வேண்டும். அங்கே மூன்று சதவீதப் பெட்ரோல் யாருக்கும் ஞாபகம் வராது.

நல்ல நிறுவனத்தின் இன்றைய டயர்களில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில் எது முக்கியம் என்றால், ஈரப் பிடிப்புதான். ஐரோப்பிய லேபிளில் எரிபொருளுக்கு ஏ, ஈரத்துக்கு டி என்று ஒன்று இருந்து, பக்கத்திலேயே இரண்டுக்கும் பி வாங்கிய டயர் இருந்தால், யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். ஈரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால், மேல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் நிற்கும் தூரத்தில் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரலாம். விபத்தில் நொறுங்கிய காரைக் குப்பைக்கு அனுப்புவதைவிடச் சூழலுக்குப் பெரிய கேடு டயரில் இல்லை.

ட்ரெட் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை போகலாம், பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு ட்ரெட்டோடு சமமானால் அந்த அளவு வந்துவிட்டது என்று பொருள். வெறும் ஊருக்குள் ஓடும் வண்டி என்றால் அதுவரை ஓட்டுங்கள். ஆனால் செப்டம்பர், அக்டோபர் மழைக்கு முன்னால் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கிறது, தொப்பூர் வழியாகவோ வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளிலோ அடிக்கடி போகிறீர்கள் என்றால், மழைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. அந்த மிச்ச ரப்பரை வீணாக்குகிறோமே என்று வருத்தப்பட வேண்டாம்.

டயர் தூசி பற்றி ஏதோ சொன்னீர்களே?

நாலு டயரும் ஆயுள் முடியும்போது எடை குறைந்திருக்கும். அந்த எடை எங்கே போனது? சாலையில் பொடியாக உதிர்ந்து, காற்றில் கொஞ்சம், முதல் மழையில் வாய்க்கால், ஏரி, ஆறு என்று மீதி போயிருக்கிறது. கடலுக்குப் போகும் நுண்பிளாஸ்டிக்கில் 28 சதவீதம் டயர் தேய்மானத்தால் வருவது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-இல் மதிப்பிட்டது.

டயரில் வெடிப்பு விழாமல் இருக்க 6பிபிடி என்று ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்தால் வேறொரு பொருளாக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பிறகு ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு அந்தப் பொருள்தான் காரணம் என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பா, வாகன மாசுக்கான யூரோ 7 விதிகளில் முதல்முறையாக டயர் தேய்மானத்துக்கும் வரம்பு கொண்டு வருகிறது.

இந்த ரசாயனத்துக்கு இன்னும் சரியான மாற்று வராததால், எந்தக் கம்பெனி டயர் வாங்கினாலும் அது இருக்கும். நம் கையில் இருப்பது தேய்மானத்தைக் குறைப்பது மட்டும்தான். மெதுவாகத் தேயும் டயர் வாங்குங்கள், அலைன்மென்டை 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை பாருங்கள், குவாரி லாரிகள் பள்ளமாக்கிய சாலையில் தினமும் போகிறவர்கள் அதற்கும் முன்னாலேயே பாருங்கள். சிக்னலில் கிளம்பும்போது டயர் கத்தினால் அது பெருமை கிடையாது, ஏரிக்குப் போகிற ரப்பர்.

எந்த பிராண்ட் வாங்கலாம்? பெயர் சொல்லுங்கள்.

மைலேஜை முன்வைத்து விற்பவற்றில் மிச்லின் எனர்ஜி எக்ஸ்எம்2 பிளஸ், பிரிட்ஜ்ஸ்டோன் ஈகோபியா, யோகோஹாமா ப்ளூஎர்த் ஆகியவை இங்கே கிடைக்கின்றன. அதிக நாள் உழைப்பதை முன்வைத்து அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ் போன்றவை வருகின்றன. உங்கள் சைஸில் எது கிடைக்கிறது என்பதுதான் பாதி முடிவை எடுத்துவிடும். ஸ்விஃப்டின் கீழ் வேரியன்ட்டில் வரும் 165/80 ஆர் 14 போன்ற சைஸில், பெரிய எஸ்யூவி சைஸில் கிடைக்கும் தேர்வுகள் இருக்காது.

மேலே சொன்ன மாதிரி அதிகம் ஓடுகிறவர் லேசாக உருளும் டயரையும், குறைவாக ஓடுகிறவர் சுமாரான விலையில் நீண்ட நாள் உழைப்பதையும் எடுக்கலாம். இதில் ஒரு சின்னக் கொக்கி: குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்னாலேயே வயசாகிவிடும். வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் டயர் எதற்கு?

அகலமான டயர், பெரிய அலாய் போட்டால்?

பார்க்க நன்றாக இருக்கும். எடை கூடும், மைலேஜ் குறையும், ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டலாம், ஸ்டீயரிங் கனமாகும். சூழலைப் பற்றிக் கேட்க வந்தவர் இதைக் கேட்கக் கூடாது. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள சைஸையே போடுங்கள், டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எடைக் குறியீட்டு எண்ணும் அதற்குக் குறையக் கூடாது.

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்களே, சரியா?

தவறு. நம் பக்கம் ஏப்ரல், மே வெயிலில் ‘நாலு பாயின்ட் குறைச்சு அடிப்பா’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. டயர் வெடித்துவிடும் என்ற பயம்தான் காரணம், ஆனால் காற்று குறைந்தால்தான் டயரின் பக்கவாட்டு அதிகமாக மடங்கி, அதிகமாகச் சூடேறி, நாற்கரச் சாலையில் வெடிக்கும். சூட்டில் காற்றழுத்தம் ஏறும் என்பது உண்மை, அது தெரிந்தேதான் கார் நிறுவனம் அந்த அளவைக் கொடுத்திருக்கிறது. காலையில் வண்டி எடுத்த உடனே, டயர் குளிர்ச்சியாக இருக்கும்போது ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடியுங்கள். மாம்பழ சீசனில் டிக்கி நிறையப் பெட்டி அடுக்கிக்கொண்டு, குடும்பத்தோடு சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பினால் முழுச் சுமைக்கு என்று அதே ஸ்டிக்கரில் தனி அளவு இருக்கும், அதைப் பாருங்கள்.

நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. எட்டு பிஎஸ்ஐ குறைந்த வண்டி நம் ஊரில் சாதாரணம். விலை கூட்டி வாங்கிய பச்சை டயரில் கிடைத்த மிச்சத்தில் பாதி அங்கேயே போய்விடும், ஓரமும் சீக்கிரம் தேயும்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். இலவசமாகக் கொடுத்தால் அடியுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயர் எப்போது செய்தது என்று எப்படித் தெரியும்?

பக்கவாட்டில் டாட் (DOT) என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் வேறு கேளுங்கள். நம் வெயிலில் வெளியே நிற்கும் வண்டி என்றால், ஐந்து வருடம் ஆன பிறகு, ட்ரெட் எவ்வளவு இருந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவை பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று காட்டிப் பாருங்கள்.

ரீபட்டன் டயர், செகண்ட் ஹேண்ட் டயர் போட்டால் அதுதானே உண்மையான மறுபயன்பாடு?

லாரிக்கு ஆமாம். உடல் நன்றாக இருக்கும் லாரி டயரில் புது ட்ரெட் ஒட்டி ஓட்டுவது ரப்பரையும் எண்ணெயையும் மிச்சம் பிடிக்கும் நல்ல வேலை, நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களைக் கேட்டால் அதன் கணக்கை வரி வரியாகச் சொல்வார்கள். கார் டயரின் உடல் அதற்காகச் செய்யப்படவில்லை, புது டயருக்கும் விலை வித்தியாசம் பெரிதாக வராது, நான் பரிந்துரைக்க மாட்டேன். செகண்ட் ஹேண்ட் டயரில் உள்ளே எத்தனை பஞ்சர், எத்தனை நாள் காற்றில்லாமல் ஓடியது என்று வெளியே தெரியாது. நாற்கரச் சாலையில் ஏறும் வண்டிக்கு வேண்டாம்.

மின்சாரக் காருக்குத் தனி டயர் வேண்டுமா?

பேட்டரியால் வண்டி கனம், மிதித்த உடனே முழு இழுவையும் வரும், அதனால் டயர் சீக்கிரம் தேய்கிறது. எடை தாங்கும் குறியீடு கம்பெனி கொடுத்ததற்குக் குறையாமல் பாருங்கள். இதில் உருளும் தடைக்கு மதிப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் மிச்சமாகும் ஒவ்வொரு சதவீதமும் ஒரே சார்ஜில் போகும் தூரமாக உடனே தெரியும்.

பழைய டயரை என்ன செய்வது?

வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், அதுதான் முதல் பதில். மாடியிலோ மாட்டுக் கொட்டகைப் பக்கத்திலோ கிடக்கும் டயரில் மழைத் தண்ணீர் தேங்கி, ஏடிஸ் கொசு முட்டை வைத்து, டெங்கு வரும். போகிக்கு எரிக்க என்று பத்திரப்படுத்துகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். டயர் புகை எப்படிப்பட்டது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு தை மாதத்துக்கு முன்னாலும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

மாற்றும் கடையிலேயே கொடுத்து, எக்ஸ்சேஞ்ச் விலை கேளுங்கள். யாருக்குப் போகிறது என்றும் கேளுங்கள். 2022 ஜூலையில் வந்த விதிப்படி, விற்கிற டயருக்கு ஈடாகப் பழைய டயரை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர், இறக்குமதியாளர் மேல் இருக்கிறது. மறுசுழற்சியிலும் நல்லது கெட்டது உண்டு. பொடியாக்கித் தாரோடு கலந்து சாலை போடுவது நல்ல வழி. காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுப்பதைச் சரியாகச் செய்யாவிட்டால் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் மூச்சுவிட முடியாது. அப்படி எண்ணெய் எடுக்க வெளிநாட்டில் இருந்து கழிவு டயர் இறக்குமதி செய்யவும் அதே விதி தடை போட்டது.

ஸ்டெப்னிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அதற்கும் வயசாகும், காற்றும் இறங்கும். நாலு டயருக்கும் காற்று பார்க்கும்போது டிக்கியைத் திறந்து அதையும் காட்டுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அதே சைஸ் ஸ்டெப்னி என்றால், டயர் இடம் மாற்றும்போது அதையும் சுற்றில் சேர்த்துக்கொண்டால் ஐந்தும் சமமாகத் தேயும், தொடாமலே வயசாகி அது குப்பைக்குப் போகாது. சிறிய ஸ்பேர் வீல் கொடுத்திருக்கும் வண்டியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.